குப்புறப் படுத்த சாட்சிகள்

புவாகத்திடம் வைத்தியத்துக்கு வந்த ஆண்கள் யாரும் வைத்தியம் நடக்கும்போது அவள் முகத்தைப் பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. வந்தவர்கள் தாங்களாகவே பாயில் குப்புறப் படுத்து, கன்னத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். தலைமாட்டில் நாற்காலி போட்டு, அவள் புருஷனின் அண்ணன் மூன் உட்கார்ந்திருப்பார். அவர் மந்திரம் சொல்வார். எண்ணெயில் நனைந்து, நெருப்பில் பழுத்த ஏர்க்கொழுவை ஒரு நொடி தொட்டு, வலிக்கிற இடத்தில் வந்து அழுத்துகிற கால் புவாகத்தினுடையது. முடிந்ததும் எழுந்து துண்டை உதறிக் கட்டிக்கொண்டு, "மூன் அண்ணே, உங்க காலு காலுதான்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். புவாகம் கரியை அணைத்துக்கொண்டிருப்பாள். பதினோரு வருஷம் இப்படி ஓடியது.

வட தாய்லாந்தில், பயாவ் ஏரிக்கு மேற்கே, நாசக் என்ற கிராமத்தில், பெண்ணின் கால் ஆணின் உடம்பில் படக் கூடாது. கொடியில் பெண்களின் பாவாடை காய்ந்தால் ஆண்கள் அதன் அடியில் குனிந்துகூடப் போகமாட்டார்கள். ஊர்த்தலைவர் பன்யோங் ஒருமுறை கொட்டுகிற மழையில் இரண்டு வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்தார், நடுவில் யாரோ எடுக்க மறந்த ஒரு பாவாடை தொங்கியதால். அதே பன்யோங் மாதத்துக்கு இரண்டு தடவை புவாகத்தின் காலடியில் கிடந்து, "ஆ... அங்கதான்... அங்கதான்" என்று முனகினார். கேட்டால் மூன் அண்ணனிடம் சொன்னதாகச் சொல்வார்.

பெண்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் கண்ணைத் திறந்துகொண்டே படுப்பார்கள், மிதிக்கும்போதே மருமகளைப் பற்றிப் பேசுவார்கள், சூடு போதவில்லை என்றால் திட்டுவார்கள்.

புவாகம் இதே ஊர்க்காரி. நாலாவது வரை படித்தாள். பதினெட்டு வயதில் பாங்காக் போய், படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு சீனக் கிழவியை எட்டு வருஷம் பார்த்துக்கொண்டாள். அந்தக் கிழவி சாகிற அன்றுவரை முதுகில் ஒரு புண் இல்லை. அதைப் பற்றி அவள் பெருமையாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "ரெண்டு மணிக்கொரு தடவை புரட்டினா புண்ணு எப்படி வரும்?" என்பாள், அவ்வளவுதான். ஊர் திரும்பி மூனின் தம்பியைக் கட்டிக்கொண்டாள். அவன் கல்லீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நாற்பத்து நாலு. பிறகு மாவட்டத்தில் எழுபது மணி நேரப் பராமரிப்புப் பயிற்சி எடுத்தாள். தன்னைவிடக் கனமான ஆளை இடுப்பு பிடிக்காமல் தூக்குவது, சர்க்கரை நோயாளியின் உள்ளங்காலை நைலான் நரம்பால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பது, இதெல்லாம் அங்கே கற்றது.

கொழு மிதிக்கிறதை மட்டும் யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மைத்துனருக்கு எண்ணெய்ச் சட்டி பிடித்துக்கொண்டு நின்ற பதினெட்டு வருஷத்தில் தானாக ஏறிக்கொண்டது. ஒரு அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை தூக்கி முதுகு பூட்டிக்கொண்ட ஒருவனைக் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். மூனுக்கு அப்போதே இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன. காலைத் தூக்க முடியவில்லை. கொழு சிவந்து காத்திருந்தது, கீழே கிடந்தவன் அலறினான். புவாகம் சட்டியைக் கீழே வைத்தாள், தன் காலை நனைத்தாள். அரை மணி நேரத்தில் அவன் எழுந்து நடந்தான். போகும்போது மூனைத்தான் கும்பிட்டான்.

அன்றைக்கே "மிதிச்சது நான்" என்று சொல்லியிருக்க வேண்டும். மூனின் முகத்தைப் பார்த்துச் சும்மா இருந்துவிட்டாள். தப்பு அங்கேதான். மற்றவர்களைத் திட்டுகிறபோதெல்லாம் அவள் முதலில் தன்னைத் திட்டிக்கொள்வது இதற்காக.

வைத்தியம் நடக்கிற இடம் விகாரையின் பழைய சமையல்கூடம். பெரிய பிக்கு பெண்களுக்கு என்று கொடுத்தது. முதலில் ஏழு பேர் கூடி மூலிகைக் கிழி கட்டினார்கள்: இஞ்சி மாதிரி இருந்து வெட்டினால் மஞ்சளாக இருக்கிற ப்லாய்க் கிழங்கு, எலுமிச்சைப்புல், புளியிலை, கற்பூரம். பிள்ளை பெற்றவளுக்கு ஒத்தடம், வாதம் வந்தவருக்கு ஒத்தடம், படுத்துக் கிடப்பவர்களுக்கு வீட்டுக்கே போய் ஒத்தடம். இப்போது சங்கத்தில் முப்பத்தொன்பது பேர். ஊரில் இருக்கிற வளர்ந்த பெண்கள் அவ்வளவு பேர்தான். ஒரு வீடுகூட விடாமல் ஆள் சேர்த்ததில் புவாகத்துக்குப் பெருமை உண்டு. அறுவடையில் காணாமல் போய், கிழிக்கு ஆர்டர் வரும்போது மட்டும் தலைகாட்டுகிறவர்களைத் தடுக்க ஒரு விதியும் அவளே எழுதினாள். விலகினவர்கள் ஒரு வருஷத்துக்குத் திரும்பச் சேர முடியாது. விகாரைக் கமிட்டி தன் பங்குக்கு ஒரு விதி வைத்தது. முப்பது பேருக்குக் குறைந்தாலோ வைத்தியம் நின்றுபோனாலோ கூடம் கமிட்டிக்குத் திரும்பிவிடும்.

பிக்குகளின் மூன்று மாத மழைக்கால விரதம் தொடங்கிய வாரத்தில் சுகாதார அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கொழு மிதிக்கிறவர் சான்று பெற்ற நாட்டு வைத்தியராக இருக்க வேண்டும். விரதம் முடிவதற்குள் விண்ணப்பம் போகாவிட்டால் வைத்தியத்தை நிறுத்த வேண்டும். விண்ணப்பத்துக்குப் பத்து வருஷ அனுபவமும் பத்து சாட்சியும் தேவை. சாட்சிகள் வைத்தியரிடம் சிகிச்சை பெற்றவர்களாக இருக்க வேண்டும். உறவினராக இருக்கக் கூடாது. அந்த இடத்தை நடத்துகிற சங்கத்தில் உறுப்பினராகவும் இருக்கக் கூடாது.

கூடத்தில் கிழங்கு நறுக்கிக்கொண்டே புவாகம் கடைசி வரியை மூன்று தடவை படித்தாள்.

"என்னக்கா, மூஞ்சி இப்படிப் போகுது?" என்றாள் செங்தா. சங்கத்தில் கை வேகமும் வாய் வேகமும் அவளுக்குத்தான் அதிகம்.

"ஊருல இருக்கிற பொம்பளை அத்தனை பேரும் சங்கத்துல இருக்கோம்ல?"

"ஆமா. நீதானே வீடு வீடாப் போய் இழுத்துட்டு வந்தே."

"அதனால ஒருத்தியும் எனக்குச் சாட்சி சொல்ல முடியாதாம். ஆம்பளைங்கதான் சொல்லணும்."

செங்தா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்து, "நாசமாப் போச்சு" என்றாள்.

அடுத்த பத்து நாள் புவாகம் வீடு வீடாக ஏறி இறங்கினாள். சாட்சி கிடைக்காவிட்டால் கூடத்துக்குப் பூட்டு. கமிட்டிக்காரர்கள் ஏற்கெனவே அங்கே சுற்றுலா வருகிறவர்களுக்குக் காப்பிக் கடை போடலாம் என்று அளந்துகொண்டிருந்தார்கள். கூடம் போனால் படுக்கையில் கிடக்கிற ஆறு பேருக்கு வாரம் இரண்டு தடவை போகிற கிழியும் போகும். இதை எல்லாரும் தலையாட்டிக் கேட்டார்கள். பேப்பரை நீட்டியதும் ஒருவனுக்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டியிருந்தது, ஒருவனுக்குக் கண்ணாடி அகப்படவில்லை. ஒருவன் நேர்மையாகவே சொன்னான்: "அக்கா, நான் குப்புறப் படுத்திருந்தேன். யாரு மிதிச்சாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"மூணு வருஷமா மிதிக்கிறேன். எடை தெரியல? காலு அளவு தெரியல?"

"தெரியல."

"நடுவுல 'அந்தப் பக்கம் திரும்பு'ன்னு சொன்னது யாரு குரல்?"

"அது... மந்திரம் சத்தத்துல சரியாக் கேக்கல."

ஊர்த்தலைவர் பன்யோங் அவளை உட்காரச் சொல்லி, மெல்லுவதற்கு ஊறவைத்த தேயிலைச் சுருளும் உப்பும் எடுத்துவைத்தார். ஐம்பத்தைந்து வயது, எல்லாரையும் திருப்திப்படுத்தி ஒன்றும் செய்யாமல் இருக்கத் தெரிந்தவர்.

"அக்கா, நீங்க இல்லாம கூடம் இல்ல. எனக்குத் தெரியாதா?"

"தெரியும்ல? அப்போ கையெழுத்துப் போடுங்க."

"மெதுவாப் பேசுங்க. நான் தலைவர். நாளைக்குப் பக்கத்து ஊர்க் கூட்டத்துல உட்கார்ந்தா என்ன கேப்பான்? 'பொம்பளைக் காலடியில படுத்தவன் வந்துட்டான்'னு சிரிப்பான். மூன் அண்ணன் பேரையே எழுதிடலாமே. எல்லாருமே சாட்சி சொல்வாங்க. வேலையை நீங்க பாருங்க, பேரு அவருக்கு இருக்கட்டும். இப்பவும் அப்படித்தானே?"

"பேரு யாருக்கோ அவங்கதான் மிதிக்கணும்னு கடிதத்துல இருக்கு, தலைவரே. அவருக்கு உள்ளங்கால்ல உணர்ச்சி இல்ல. நான் நரம்பு வெச்சு பத்து இடத்துல தொட்டேன், ஒம்பது இடத்துல தெரியல. மிதிக்கிறவங்க காலுதான் சூட்டுக்கு அளவு. அது மரத்துப்போன ஆளு மிதிச்சா உங்க இடுப்பு வெந்துடும்."

"அதெல்லாம் பேப்பருக்குத்தானே..."

அவள் தேயிலைச் சுருளைத் தொடாமல் எழுந்து வந்தாள்.

பெரிய பிக்குவிடமும் போனாள். போன மழையில் அவருக்குத் தோள் இறுகிப்போனபோது, பெண் தொடக் கூடாது என்பதால், புவாகம் வாசலுக்கு வெளியே நின்று சொல்லச் சொல்ல ஒரு மரவேலைக்காரன்தான் அழுத்திவிட்டான். "கீழே. இன்னும் கீழே. அது எலும்புப்பா, பலகை இல்ல." பதினைந்து நாளில் தோள் சரியானது. இப்போது அவள் தரையில் கால் மடித்து உட்கார்ந்து, சாமி ஒரு வார்த்தை சொன்னால் ஆண்கள் கேட்பார்கள் என்றாள்.

"நான் சொன்னா அது உத்தரவாயிடும்மா," என்றார் அவர். "உத்தரவுக்காகச் சொல்ற சாட்சி, சாட்சியா?"

"சாமி சொல்றது நியாயந்தான். ஆனா சும்மா இருக்கறதும் ஒரு உத்தரவுதான். அவங்க அப்படித்தான் எடுத்துக்கறாங்க."

"யோசிக்கிறேன்," என்றார். புவாகம் மூன்று முறை விழுந்து வணங்கிவிட்டு வந்தாள். யோசிக்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு அறுபத்தொரு வயதில் யாரும் விளக்க வேண்டியதில்லை.

மூனிடம் கேட்டதுதான் மோசம். எழுபத்தேழு வயது, அவள் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு பக்கத்து வீட்டிலேயே இருக்கிறவர். ஒட்டுச்சோற்றை உருட்டி மிளகாய்த் துவையலில் தொட்டுக்கொண்டே, "ஒரே குடும்பந்தானே. என் பேரு இருந்தா என்ன, உன் பேரு இருந்தா என்ன?" என்றார்.

"ஒண்ணுதான்னா என் பேரையே எழுதலாமே, அத்தான்."

மூனின் கையில் சோறு கொஞ்சம் வேகமாக உருண்டது.

விரதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது, விகாரை மண்டபத்தில் ஊர்க்கூட்டம் நடந்தது. சுகாதார அலுவலர் வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும், அன்றைக்கு இது அவருக்கு மூன்றாவது ஊர், சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம். பெரிய பிக்கு மேடையில் விசிறியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அலுவலர் படிவத்தைப் படித்தார். "புவாகம் அம்மாகிட்ட கொழு மிதி வைத்தியம் செய்துக்கிட்டவங்க கை தூக்குங்க."

இடது பக்கம் முழுவதும் கை. வலது பக்கத்தில் ஒருவன் காதைச் சொறிந்தான்.

"சங்கத்துல இல்லாதவங்க மட்டும்."

இடது பக்கக் கைகள் இறங்கின. மண்டபத்தில் யாரோ இருமினார்கள். புவாகம் வலது பக்கம் இருந்த முதுகுகளைப் பார்த்தாள். எந்த முதுகில் எந்த இடத்தில் முடிச்சு என்று கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்லுவாள். அதோ அந்த நீலச் சட்டை, இடது தோள்பட்டைக்குக் கீழே. அவன் பக்கத்தில் இருப்பவன், வால் எலும்பு. அத்தனை பேரும் தரைப் பலகையை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"யோவ், உன் இடுப்பை யாரு மிதிச்சா, சொல்லேன்!" என்று ஒரு மனைவி கத்தினாள்.

"மூன் அண்ணன்தான்," என்றான் கணவன்.

"வீட்டுக்கு வா, உன்னை நான் மிதிக்கிறேன்."

சிரிப்பு எழுந்தது. சிரிப்பிலேயே விஷயம் கரைந்துவிடும் போலிருந்தது. இந்த ஊரில் நிறைய விஷயம் அப்படித்தான் கரைந்திருக்கிறது. அப்போது செங்தா எழுந்தாள். கழுத்திலிருந்த சங்கத்தின் முன்கட்டுத் துணியைக் கழற்றி மடித்துத் தரையில் வைத்தாள்.

"சார், நான் சங்கத்தைவிட்டு விலகறேன். இப்போ நான் உறுப்பினர் இல்ல. எழுதிக்கோங்க, என்னை இவங்க ஏழு வருஷமா மிதிக்கிறாங்க."

"இது ஏமாத்து வேலை!" என்று பின்னாலிருந்து ஒருவன். "இன்னிக்கு விலகிட்டு நாளைக்குச் சேர்ந்துப்பாங்க."

"சேர முடியாதுடா. ஒரு வருஷம் ஆகும். எழுதினது யாரு தெரியுமா? இந்தப் புண்ணியவதிதான்."

அலுவலர் சங்கத்தின் விதிப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "செல்லும்" என்றார்.

இன்னொருத்தி எழுந்தாள். இன்னொருத்தி. மடித்த துணிகள் தரையில் சேர்ந்தன. புவாகம் எழுந்தவர்களை எண்ணினாள். எழுந்ததெல்லாம் நல்ல கைகள். இது கிழி கட்டுவதில் முதல் கை, இது படுக்கைப் புண்ணைச் சுத்தம் செய்யத் தெரிந்த கை. உட்கார்ந்தே இருந்ததில் பாதி, வெற்றிலைக்கு வருகிற கூட்டம். "போதும், போதும்" என்று முணுமுணுத்தாள். யாருக்கும் கேட்கவில்லை.

"அப்போ இனிமே கிழி யாரு கட்டுறது, நாங்களா?" என்றான் வலது பக்கத்தில் ஒருவன்.

"நீ கட்டினா நாய்கூட மோந்து பாக்காது," என்றாள் செங்தா.

ஒன்பதாவது துணி தரைக்கு வந்ததும் புவாகம் எழுந்து கையை நீட்டித் தடுத்தாள். "நிறுத்துங்க. முப்பது பேர் மிச்சம். இன்னும் ஒருத்தி விலகினா கூடமே போயிடும்."

ஒன்பது சாட்சி. வேண்டியது பத்து. எல்லார் கண்ணும் வலது பக்கம் போயிற்று. பெரிய பிக்குவின் விசிறி ஒருமுறை அசைந்து நின்றது. யாரும் எழவில்லை.

பன்யோங் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். "எதுக்கு இத்தனை சிரமம்? மூன் அண்ணனை வைத்தியரா எழுதிக்குவோம். சாட்சிக்கு நாங்க இருபது பேர் இருக்கோம். புவாகம் அக்கா உதவியாளர். ரெண்டு பேர் பேரும் வந்துடுது. அண்ணே, என்ன சொல்றீங்க?"

மூன் கைத்தடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, "எனக்கு ஆட்சேபணை இல்ல," என்றார். பிறகு தாராளமாகச் சேர்த்துக்கொண்டார்: "நான் சொல்லிக்குடுத்ததைத்தானே அது செய்யுது."

அலுவலருக்கு நிம்மதி. ஒன்பது பேர் எழுதிய படிவத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் புதுப் படிவம் எடுத்தார். மேலே மூனின் பெயரை எழுதத் தொடங்கினார்.

"சார், விண்ணப்பிக்கிற வைத்தியர் மிதிக்கிறதை நீங்க ஒரு தடவை கண்ணால பாக்கணும்ல?" என்றாள் புவாகம்.

"ஆமாம்மா. அது இருக்கு."

"அப்போ பாத்துடுங்க. செங்தா, கரியை மூட்டு."

கொழுவை மண்டபத்து முற்றத்திலேயே வைத்துப் பழுக்கவிட்டார்கள். சிவக்கிறவரை யாரும் அதிகம் பேசவில்லை. புவாகம் பாயை விரித்தாள், எண்ணெய்ச் சட்டியை வைத்தாள், குருவுக்கான தட்டில் வெற்றிலையும் பொரியும் மெழுகுவர்த்தியும் வைத்தாள். மூனுக்குப் பிடித்துக்கொள்ள மூங்கில் கழி கொடுத்தாள். "நான் உதவியாளர்தானே," என்றாள்.

மூன் அவளை முறைத்துவிட்டு எழுந்தார். இருபது ஆண்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை.

"தலைவரே, திங்கட்கிழமை உங்களுக்குத்தானே இடுப்பு பிடிச்சுது? வாங்க, படுங்க," என்றாள் புவாகம்.

பன்யோங் இப்படி அப்படிப் பார்த்தார். அவர் கொண்டுவந்த யோசனை, மறுக்க முடியவில்லை. சட்டையைக் கழற்றிப் படுத்தார், குப்புற. கன்னத்தை வழக்கம்போல அந்தப் பக்கம் திருப்பினார்.

அவள் கணக்கு எளிமையானது. மூனின் கால் பன்யோங் மேல் படுவதற்குள் தடுத்துவிட வேண்டும். தடுக்கிற தூரத்தில்தான் நின்றாள். ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது கீழே கிடந்த முதுகை. மூன் கழியை ஊன்றி, நடுங்குகிற காலை எண்ணெயில் தோய்த்து, கொழுவின்மேல் வைத்தார். தீ குப்பென்று எழுந்தது. தொட்டதும் எடுக்க வேண்டும். அவர் எடுக்கவில்லை. சூடு தெரிந்தால்தானே எடுக்க? மந்திரத்தின் அடுத்த வரியைத் தேடிக்கொண்டு நின்றார்.

வாடை வந்தது. எண்ணெய் வாடை இல்லை.

"அண்ணே, காலு!" என்று யாரோ கத்த, பன்யோங் வாழ்நாளில் முதல்முறையாக அந்தப் பாயில் முகத்தைத் திருப்பினார். புகைகிற பாதம் தன் முதுகை நோக்கி வருவதைப் பார்த்தார். "ஐயோ அவரு வேணாம்! எரிச்சுடுவாரு! அக்கா, நீங்களே மிதிங்க! எப்பவும் போல நீங்களே மிதிங்க!"

புவாகம் அதற்குள் மூனின் முழங்காலைத் தோளில் தாங்கி அவரைப் பின்னால் சாய்த்து உட்காரவைத்திருந்தாள். "தண்ணி! குளிர்ந்த தண்ணி, ஒரு குடம்! எண்ணெய், சுண்ணாம்பு எதையும் தடவாதீங்க!"

சுகாதார அலுவலர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "எப்பவும் போலன்னா?" என்று பன்யோங்கைக் கேட்டார்.

பன்யோங் பாயிலேயே உட்கார்ந்து சட்டைக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார். தப்பான சட்டைக்கையில் தப்பான கை. "பதினோரு வருஷமா," என்றார் கடைசியில். "எனக்கு ஆறு வருஷமா."

"கையெழுத்து?" என்று அலுவலர் ஒதுக்கிவைத்திருந்த படிவத்தை எடுத்து நீட்டினார்.

போட்டார். எறும்பு மாதிரி சின்னதாகப் போட்டார். அதற்குப் பிறகு வலது பக்கத்திலிருந்து இன்னும் மூன்று பேர் போடுகிறோம் என்று வந்தார்கள். பெரிய பிக்கு, "நல்லதும்மா," என்று சொன்னார். புவாகத்துக்கு இரண்டையும் கவனிக்க நேரமில்லை. குனிந்து மூனின் உள்ளங்காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். குதிகாலுக்கு முன்னால், உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்துப் போயிருந்தது. வலிக்குதா என்று கேட்டாள். இல்லை என்றார். அந்த இல்லைதான் அவளுக்குப் பயம்.

புவாகம் மிதிப்பதையும் அலுவலர் பார்த்துக்கொண்டார், விண்ணப்பம் போயிற்று. பதில் வர எட்டு மாதம் ஆகலாம், அதுவரை வைத்தியம் நடக்கலாம் என்றார்கள். நடந்தது, நொண்டிக்கொண்டு. ஒன்பது பேர் இல்லாமல் கிழிக்குக் கை போதவில்லை. செங்தா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "நூலை இறுக்கிக் கட்டு, அது கிழியா மூட்டையா?" என்று உள்ளே இருப்பவர்களைத் திட்டுவாள். உள்ளே வர அவளுக்கு அனுமதியில்லை. படுக்கையில் கிடக்கிற ஆறு பேரில் நாலு பேருக்குத்தான் வாரம் இரண்டு தடவை போக முடிந்தது. விதியைத் தளர்த்தலாமே என்று சிலர் கேட்டார்கள். தளர்த்தினால் அன்றைக்குச் சொன்ன ஒன்பது சாட்சியும் பொய்யாகிவிடும் என்று புவாகம் சொல்ல வேண்டியிருந்தது. வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்ல வேண்டியிருந்தது.

ஆண்கள் வருவது பாதியாகக் குறைந்தது. வந்தவர்களில் ஒருவன், மந்திரம் பெண் குரலில் கேட்டால் நரம்பு இளகவில்லை என்றான். "அப்போ நரம்பை வீட்டுலயே வெச்சுட்டு முதுகை மட்டும் கொண்டா," என்றாள்.

மூனின் கால் ஆற ஏழு வாரத்துக்கு மேல் ஆயிற்று, இன்னும் முழுக்க ஆறவில்லை. மருத்துவமனையில் பாதம் போய்விடும் என்று பயமுறுத்தினார்கள். போகவில்லை. காலையும் மாலையும் புவாகம்தான் கட்டுப் பிரித்துக் கழுவிக் கட்டினாள். அவர் அவளோடு பேசுவதில்லை. காலை மட்டும் நீட்டுவார். ஒரு நொடி முன்னால் தட்டிவிட்டிருக்கலாம். பார்க்க வேண்டிய காலைப் பார்க்காமல் பன்யோங்கின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றது யார்? பயிற்சியில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது, நோயாளியிடமிருந்து கண்ணை எடுக்காதே. அன்றைக்கு அவளுக்கு நோயாளி யார் என்று மறந்துபோயிருந்தது.

பனிக்காலத்தில் ஒரு காலை, விரலிடுக்குகளைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தபோது மூன் வாயைத் திறந்தார்.

"காகிதம் வந்துடுச்சா?"

"இல்ல."

"வராது."

"வரும். காலை அசைக்காதீங்க."

"வந்தா சுவத்துல மாட்டுவியா?"

"மாட்டுவேன்."

மூன் காலை அசைக்காமல் வைத்துக்கொண்டார். புவாகம் புதுத் துணியை எடுத்து, குதிகாலிலிருந்து மேல்நோக்கிச் சுற்றத் தொடங்கினாள்.